தராசக்கா கொடுத்த உப்பு

தெருவில் எல்லோரும் அவளைத் தராசக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது வீட்டைத் தேடி வந்தால், பக்கத்து வீட்டுக்காரரே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கை காட்டுவார். சமையலறை மேடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தராசு வைத்திருந்தாள். சோறோ ரொட்டியோ, அதில் ஏறி இறங்காமல் தட்டுக்கு வராது.

"இந்த வீட்ல சாப்பிடணும்னா நகைக்கடைல நிக்கிற மாதிரி நிக்கணும்" என்பார் அவள் கணவர். டவுன் பஸ் ஓட்டுநர். நாள் முழுக்க இன்ஜின் இரைச்சலில் உட்கார்ந்து பழகியவர், வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். அவர் சொன்னது தெருமுனை வரைக்கும் கேட்டு, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அளவெடுப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. ஆயத்த ஆடை தைக்கும் தொழிற்சாலையில் செக்கிங் மேஜையில் வேலை. தைத்து வரும் சட்டைகளின் காலர், தோள், கை எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து, அளவு தப்பியதைத் தனியே தள்ள வேண்டும். அவள் சரியென்று விட்ட சட்டை திரும்பி வந்ததே இல்லை என்று சூப்பர்வைசர் பெருமையாகச் சொல்வார். ஒரு நாள் அந்த மேஜையோரமே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. கால் கட்டைவிரலில் ஆறாமல் கிடந்த புண்ணை அதுவரை செருப்புக் கடி என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மாத்திரை எழுதினார். எதைக் குறைக்க வேண்டும், எதைக் கூட்ட வேண்டும், சாப்பிட்டபின் எவ்வளவு நடக்க வேண்டும் என்றும் சொன்னார். எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னார். கேட்டவள் எல்லோரையும் போல் இல்லை. அன்று சாயங்காலமே தராசு வாங்கினாள். சோறு பாதியானது. தட்டில் காய்கறி மலைபோல ஏறியது. தேநீரில் சர்க்கரை நின்றது. சாப்பிட்ட கையோடு தெருவில் நடந்தாள். மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே, கணவர் டிவி பார்ப்பதை மறைத்துக்கொண்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். புண் ஆறியது. ஒவ்வொரு முறை ரத்தம் பார்க்கும்போதும் எண் இறங்கியது. ஒரு வருஷம் போனபின் டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்.

"உங்கள மாதிரி நாலு பேர் வந்தா நான் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது அவள் தலையில் கிரீடமாக உட்கார்ந்துவிட்டது.

அதன்பின் தெருவில் யாருக்கு என்ன என்றாலும் தராசக்காதான். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, மூட்டுவலி. கதவைத் தட்டுவார்கள், அவள் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வந்து உட்கார்ந்து, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று காலையிலிருந்து இரவு வரை விசாரிப்பாள். ஊறுகாயை நிறுத்து, வெள்ளை ரொட்டியை விடு, கீரை சேர். பலருக்கு நல்லதுதான் நடந்தது, அதில் பொய்யில்லை. பிளம்பரின் மனைவி அவள் சொன்னபடி கேட்டு எடை குறைந்தாள். ஜெராக்ஸ் கடைக்காரர் சிகரெட்டைக்கூட விட்டார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் அவள் யாரிடமும் கேட்டதில்லை. அது டாக்டர் பாடு என்று விட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தம்பி அவளிடம் வந்து சேர்ந்தான்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பெட்டியின் மேல் ஏறி நின்று, இருட்டான குழிக்குள் கம்பிவடத்தையும் சக்கரத்தையும் பார்த்துச் சரிசெய்வது அவன் வேலை. மனைவி பிரிந்து போனபின் கண்ட கடையில் சாப்பிட்டுக்கொண்டு தனியாகக் கிடந்தான். கம்பெனியில் எல்லோருக்கும் உடம்பு பரிசோதித்தபோது அவன் பிரஷரைப் பார்த்த நர்ஸ், கருவி கெட்டுவிட்டதோ என்று வேறொன்றை எடுத்து வந்து பார்த்தாளாம். ரொம்ப நாளாக இருந்த பிரஷர். சிறுநீரகத்தையும் கொஞ்சம் அரித்திருந்தது.

அக்காதான் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் மாத்திரை எழுதினார்.

"உப்ப நல்லா குறைக்கணும். கிட்னி கொஞ்சம் சோர்ந்திருக்கு. இந்த மாத்திரை கிட்னியக் காப்பாத்தும், ஆனா ஆரம்பிச்சதும் ரத்தம் பாத்தே ஆகணும். ரெண்டு வாரத்துல வாங்க."

அக்காவின் காதில் உப்பு என்பது மட்டும்தான் ஆணி அடித்ததுபோல் இறங்கியது.

"இனிமே நம்ம வீட்லயே இரு. மூணே மாசம். உன்னை எப்படி ஆக்கிக் காட்டறேன் பாரு" என்றாள் வரும் வழியில்.

"பாத்துடா மாப்ள. என்னை உள்ள போட்டு இருபது வருஷமாச்சு, இன்னும் ஜாமீன் கெடைக்கல" என்றார் வீட்டில் மாமா, அக்காவின் கணவர். தம்பி வெகுநாளைக்குப் பிறகு சிரித்தான்.

உப்பில்லாத சாப்பாடு அவனுக்கு இறங்கவில்லை. வாயில் வைத்துவிட்டுக் குழந்தைபோல முகத்தைச் சுளித்தான். அக்கா பார்த்தாள். பெரிய கடையில், உடம்புக்கு நல்லது என்று தனியாக அடுக்கியிருந்த அலமாரியில், சோடியம் குறைந்த உப்பு கிடைத்தது. டப்பாவின் மேல் சிவப்பாக ஒரு இதயம் போட்டிருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பேதான், முடிவில் மெல்லிய ஒரு கசப்பு. பிரஷருக்குச் சோடியம் ஆகாது, இதில் சோடியம் குறைவு. அவள் கணக்குக்கு அது போதுமாக இருந்தது. கண்ணாடிச் சீசாவில் கொட்டி வைத்துக்கொண்டு டப்பாவைக் குப்பையில் போட்டாள். சோடியம்தான் குறைவாயிற்றே, கொஞ்சம் தாராளமாகவே போட்டாள்.

அதோடு சத்து. காலையில் வாழைப்பழம், ஆரஞ்சுச் சாறு. மத்தியானம் கீரை. சாயங்காலம் தக்காளி சூப். வேகவைத்த உருளைக்கிழங்கு. காய்கறி வெந்த தண்ணீரையும் கொட்டாமல் டம்ளரில் ஊற்றிக் கொடுப்பாள். "சத்தெல்லாம் இதுலதான் இருக்கு, மூக்கப் புடிச்சிட்டுக் குடி." அவனும் குடித்தான். அம்மா போனபின் அவனை உட்காரவைத்துப் பரிமாறியவர்கள் அதிகமில்லை.

பிரஷர் இறங்கியது. மருந்துக்கடையில் கை நீட்டிப் பார்க்கும்போதெல்லாம் எண் அழகாக வந்தது. தம்பியின் முகத்தில் வீக்கம் வடிந்து, பழைய கன்ன எலும்பு தெரிந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சீசாவிலிருந்து சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டித் தெருவில் பிரஷர் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள். தீர்ந்தால் வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கடையையும் காட்டினாள்.

ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய வாரம் தம்பிக்குப் புதுக் கட்டடத்தில் வேலை. அடுத்த வாரம் அக்காவுக்கு ஏற்றுமதி அவசரம்.

"பிரஷர்தான் நல்லா இருக்கேக்கா. சும்மா ஊசி குத்திட்டு வரணுமா?"

"சரி, அடுத்த மாசம் போலாம்" என்றாள் அவள்.

முதலில் கால்தான் சொன்னது. மாடிப்படி ஏறும்போது தொடை கனக்கிறது என்றான். ஈரச் சாக்கைக் கட்டிவிட்டதுபோல. "இத்தன நாள் உப்பத் தின்னு வீங்கின உடம்பு. இளைக்கும்போது அப்படித்தான் இருக்கும்" என்றாள் அக்கா. கீரையைக் கூட்டினாள்.

பிறகு உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றான். விரல் நுனியிலும் அப்படியே. ஒரு நாள் அவன் கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் குழிக்குள் விழுந்தது. அடியில் ஆள் இல்லை. ஆனால் அது விழுந்து மோதிய சத்தம் வெகுநேரம் கழித்துக் கேட்டதாகவும், அதுவரை அவன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றதாகவும் கூட வேலை செய்பவன் பின்னால் சொன்னான். தம்பி அதை வீட்டில் சொல்லவில்லை. கை சோர்கிறது என்று மட்டும் சொன்னான்.

"சத்து போதல" என்றாள் அக்கா. காலையில் வாழைப்பழம் இரண்டானது.

மாமாதான் ஒரு தடவை தட்டைப் பார்த்துவிட்டு முணுமுணுத்தார். அவர் குரல் தாழ்ந்து கேட்பது அபூர்வம்.

"ஏம்மா, அவன் நடக்கறதப் பாத்தியா? கால இழுத்து இழுத்து வைக்கறான். டாக்டர்கிட்ட ஒரு எட்டு போய்ட்டு வந்துடேன்."

"பிரஷர் எவ்வளவு இருக்குன்னு பாத்தீங்கல்ல? டாக்டரே அசந்துடுவாரு."

"நீ நம்பரப் பாக்கற, நான் ஆளப் பாக்கறேன்."

அவள் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்கத் தம்பி குறைவாகவே பேசினான். சாப்பிட்டு முடித்து எழும்போது மேஜையை இரண்டு கையாலும் ஊன்றி எழுந்தான். அவன் எழுந்து போன நாற்காலியை அக்கா ஒருமுறை பார்த்தாள். பிறகு எச்சில் தட்டை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டாள்.

தொலைபேசி வந்தபோது அவள் செக்கிங் மேஜையில் இருந்தாள். தம்பியோடு வேலை செய்பவன்.

"அக்கா, பதறாதீங்க. லிஃப்ட் பெட்டிமேல நின்னுட்டிருந்தவரு அப்படியே உக்காந்துட்டாரு. எழுந்திருக்க முடியல. காலு ரெண்டும் அசையல. மெதுவா கீழ எறக்கிட்டோம். ஆம்புலன்ஸ்ல போய்ட்டிருக்கோம்."

"மயக்கமா?"

"இல்லக்கா. முழிச்சுதான் இருக்காரு. நெஞ்சு நின்னு நின்னு அடிக்குதுங்கறாரு."

அவசரப் பிரிவில் தம்பி படுத்திருந்தான். நெஞ்சில் ஒயர்கள். தலைமாட்டில் திரையில் பச்சைக் கோடு ஓடியது. அது ஓடிய விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு துடிப்பும் கூடாரம்போலக் கூராக எழும்பி, பிறகு நீளமாக ஒன்றுமில்லாமல் கிடந்து, மறுபடி எழும்பியது. அந்த இடைவெளியில் அவள் மூச்சும் நின்றது. டியூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். ஒரு கண் திரையிலேயே இருக்க, கையில் ஊசியோடு கேட்டாள்.

"இவருக்குச் சமைக்கிறது யாரு?"

"நான்தான். அக்கா."

"என்ன சாப்பிடறாரு?"

அக்கா சொன்னாள். அந்த நேரத்திலும் அவள் குரலில் ஒரு ஒழுங்கு இருந்தது. கீரை, தக்காளி, ஆரஞ்சு, வாழைப்பழம், உருளைக்கிழங்கு, காய்கறித் தண்ணீர். எண்ணெய் கிடையாது, இனிப்பு கிடையாது. சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் இறுகியது.

"உப்பு?"

"சாதா உப்பே கிடையாதும்மா. சோடியம் குறைஞ்ச உப்பு."

ஊசியைப் போட்டுவிட்டு டாக்டர் நிமிர்ந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அக்கா பின்னால் சொன்னாள்.

"அந்த உப்புல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் இருக்கும்மா. நீங்க சொன்ன பழம், கீரை எல்லாத்துலயும் அதான். கிட்னி நல்லா இருக்கறவங்களுக்கு அது நல்லதுதான், வெளிய தள்ளிடும். இவருக்குத் தள்ள முடியல. அவர் சாப்பிடற மாத்திரையும் அதை உள்ளயே புடிச்சு வைக்கும். அதனாலதான் ரத்தம் பாக்கச் சொல்லியிருப்பாங்க. இப்ப அது எகிறிப்போய் இதயத்தயே நிறுத்தப் பாக்குது."

"நான்தான் போட்டேன்" என்றாள் அக்கா.

"அதப் பிறகு பேசலாம். இப்ப வெளிய இருங்க."

டயாலிசிஸ் அறைக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு மாமா காக்கிச் சட்டையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்தார். அழவில்லை அவள். எதையோ மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருப்பதுபோல உதடு அசைந்தது.

"என்னம்மா?"

"பிளம்பர் வீடு. டெய்லர் வீடு. மாடி வீட்டு டீச்சர்..." அவள் சடாரென்று எழுந்தாள். "நீங்க இவன்கூட இருங்க. நான் போய்ட்டு வந்துடறேன்."

"இப்பவா? எங்க போற?"

"குடுத்த உப்பத் திருப்பி வாங்கிட்டு வரணும்."

வெயில் சாயும் நேரத்தில் தெருவில் வீடுவீடாகப் போனாள். கதவைத் தட்டி, மூச்சு வாங்க, ஒரே வார்த்தை: நான் குடுத்த உப்பக் குடுத்துடுங்க. டெய்லர் சிரித்துக்கொண்டே, "ஏங்க்கா, வேற ஆளுக்கு வாக்குக் குடுத்துட்டீங்களா?" என்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. உள்ளே போய் எடுத்து வந்தார். மாடி வீட்டு டீச்சர் மாத்திரைகளைக் கொண்டுவந்து காட்டி, "இதோட சேக்கக் கூடாதா?" என்று கேட்டாள். "தெரியல டீச்சர். எனக்குத் தெரியல. டாக்டரக் கேளுங்க" என்றாள் தராசக்கா. தெரியாது என்று அவள் வாயிலிருந்து அந்தத் தெரு கேட்டது அதுதான் முதல் தடவை. பிளம்பரின் மனைவிக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பயந்துபோய் வயிற்றைத் தடவிக்கொண்டே பொட்டலத்தைக் கொடுத்தாள்.

கடைசியாக ஜெராக்ஸ் கடை. கடைக்காரரின் அப்பா போன மாதம்தான் இறந்துபோயிருந்தார். இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, நீர் வடிய மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர். மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்துவிட்டது. வயதாகிவிட்டது, நல்ல சாவு, யாருக்கும் கஷ்டம் கொடுக்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். தராசக்காவும் மாலை வாங்கிப் போட்டு அதையேதான் சொன்னாள்.

கடைக்காரர் மிஷினில் தாளை அடுக்கிக்கொண்டிருந்தார். "வாங்கக்கா. தம்பிக்கு முடியலயாமே?"

"அப்பாவுக்கு நான் குடுத்த உப்பு..."

"அதுவா? அப்பா அதான் வேணும்பாரு. மத்ததெல்லாம் சப்புன்னு இருக்குன்னு. கடைசி வரைக்கும் அதைத்தான் போட்டுச் சாப்பிட்டாரு. ரெண்டு தடவ நானே வாங்கிட்டு வந்தேன்." அவர் நன்றியோடுதான் சொன்னார்.

சும்மா திரும்பியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. அவள் கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். மிஷினின் விளக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடி நின்றது.

"அதனாலதான் போனாரா?" என்றார் கடைக்காரர்.

"தெரியல. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"யாருக்குத் தெரியும்?"

"இனிமே யாருக்கும் தெரியாது."

அவர் தாளைத் தட்டிச் சமன் செய்தார். சமனாகவே இருந்ததைத் திரும்பத் திரும்பத் தட்டினார். "இதை எங்கிட்ட ஏன்க்கா சொன்னீங்க?" என்றார். "சொல்லாமலே இருந்திருக்கலாமே. நான்தானே வாங்கிட்டு வந்து குடுத்தேன்."

அவள் கண்ணாடி மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

தம்பி பிழைத்தான். ஆனால் சிறுநீரகம் முன்பு இருந்த அளவுக்கும் திரும்பவில்லை. குழிக்குள் ஏற வேண்டாமென்று கம்பெனியில் அவனை உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கும் அறையில் உட்காரவைத்தார்கள். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் ஒரு அம்மாள் இருந்தார். அக்கா அவர் எதிரே முதல் நாள் பள்ளிக்கூடம் போன பிள்ளைபோல உட்கார்ந்தாள். காய்கறியைப் பொடியாக நறுக்கி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொன்னார். ஆரஞ்சு வேண்டாம், ஆப்பிள் பரவாயில்லை. உப்பு சாதா உப்பு, மிகக் கொஞ்சம். "ஒருத்தருக்கு எழுதினது இன்னொருத்தருக்கு ஆகாதும்மா" என்றார் அவர், போகிறபோக்கில், எல்லோரிடமும் சொல்வதுபோல. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

தெருவில் இப்போது யாரும் சாப்பாட்டு யோசனை கேட்டு வருவதில்லை. வந்தாலும் அவள் டாக்டரைக் கைகாட்டிவிடுவாள். ஜெராக்ஸ் கடைக்காரர் அவளைக் கண்டால் வணக்கம் சொல்வதுண்டு, கண்ணைப் பார்ப்பதில்லை. அவர் மறுபடி சிகரெட் பிடிப்பதாக மாமா சொன்னார்.

தம்பி அவள் வீட்டிலேயேதான் இருக்கிறான். தனியாகச் சமைத்துக்கொள்கிறேன் என்று ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றதும், பேச்சை விட்டுவிட்டான். அவள்மேல் அவனுக்குக் கோபம் இல்லை. "நானும்தானக்கா டெஸ்ட்டுக்கு வரமாட்டேன்னேன்" என்பான். ஆனால் தட்டை வைத்ததும் கை உடனே சோற்றுக்குப் போகாது. ஒரு கணம் பார்ப்பான். பிறகுதான் பிசைவான். அப்படிப் பார்ப்பது அவனுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வேளையும் எதிரே உட்கார்ந்து, அந்த ஒரு கணம் கழியும்வரை அவள் தன் தட்டைத் தொடுவதில்லை.

மாதத்துக்கு ஒருமுறை தம்பியின் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுக்க இருவரும் போகிறார்கள். இந்த மாதம் பொட்டாசியம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம் என்று லேபிலிருந்து கூப்பிட்டார்கள். நேற்று போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

"நீ இந்த வாரம் சாப்பாட்டுல என்னக்கா போட்ட?" என்று வரும் வழியில் தம்பி கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான்.

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.